இரண்டாம் மாதம் முப்பதாம் தேதி

நூர் அகமதுவிடம் யாரும் எதையும் நேரடியாகக் கேட்கலாம். அவர்தான் யாரிடமும் எதையும் நேரடியாகக் கேட்கமாட்டார். பக்கத்து வீட்டில் ஏணி இரவல் வாங்கப் போனால் முதலில் சலாம், பிறகு அந்த வீட்டுக்காரரின் முழங்கால் வலி, பிறகு துபாயில் இருக்கும் மகன், பிறகு இந்த வருஷத்து மழை, மழைக்கு ஒழுகும் மாடிகள், ஒழுகும் மாடிகளில் பொதுவாக எவ்வளவு உயரம் ஏற வேண்டியிருக்கிறது என்கிற விவரம். விடைபெற்று, செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நிற்கும்போதுதான் ஏணி என்ற சொல் வெளியே வரும். அதுவும், "ஏணி எதுவும் இங்க கெடக்குதா? சும்மாத்தான் கேட்டேன்" என்ற அளவில். ஒருமுறை அவருடைய போக்கு தெரிந்த வீட்டுக்காரர் மழையைப் பற்றிய பேச்சிலேயே எழுந்துபோய் ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்துவிட்டார். நூர் அகமதுவுக்கு ஒரு மாதிரியாகப் போய்விட்டது. "அட, இப்ப எதுக்குங்க இதெல்லாம்" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தார். மாடி அந்த வருஷமும் ஒழுகியது.

வயது ஐம்பத்தேழு. காரைக்காலில் ஒரு ஜமாஅத் அலுவலகத்தில் எழுத்தர். அதற்கு முன்னால் ஷார்ஜாவில் ஒரு சரக்குக் கப்பல் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் டைப்பிஸ்ட். அங்கே கற்றுக்கொண்டது இரண்டு விஷயம்: பத்து விரலாலும் தட்டுவது, தட்டியதை மூன்று முறை சரிபார்ப்பது. ஊருக்குத் திரும்பியதும் ஜமாஅத்தின் தஃப்தரை, அதாவது நிகாஹ் பதிவேட்டை, கணினியில் ஏற்றினார். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருள். மணமகன், மணமகள், மணமகளின் காப்பாளரான வலி, சாட்சிகள், மஹர் தொகை, ஆங்கிலத் தேதி, ஹிஜ்ரி தேதி என்று கட்டம் கட்டமாக நிரப்பிப் பொத்தானை அழுத்தினால் வரிசை எண்ணோடு சான்றிதழ் அச்சாகி வரும். போலிச் சான்றிதழ் ஒன்று எங்கோ பிடிபட்டதாகப் பேச்சு அடிபட்ட வாரத்தில், அவரே ஒரு தீர்மானம் எழுதி நிர்வாகத்தின் கையெழுத்தை வாங்கினார். கணினியிலிருந்து வராத சான்றிதழ் செல்லாது. கையால் எழுதியதும் செல்லாது. கையால் திருத்தியதும் செல்லாது. ஏழு வருஷம் அந்தத் தீர்மானம் யாரையும் உறுத்தவில்லை. உறுத்த ஆரம்பித்தபோது முதலில் அவரைத்தான் உறுத்தியது.

ஸஃபர் என்பது ஹிஜ்ரி ஆண்டின் இரண்டாவது மாதம். இந்தப் பக்கத்தில் அந்த மாதம் கல்யாணம் வைப்பதில்லை. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். மார்க்கத்தில் அப்படி எதுவும் கிடையாது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் வருஷா வருஷம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ பிரசங்கத்தில் சொல்வார். எல்லோரும் தலையாட்டுவார்கள். தலையாட்டிவிட்டுப் போய் மண்டபத்தில் அடுத்த மாதத்துத் தேதிக்குச் சொல்லிவைப்பார்கள். ஹஜ்ரத் வீட்டுக் கல்யாணமும் அடுத்த மாதம்தான் நடந்தது. சம்பந்தி வீட்டார் விருப்பம் என்றார்.

சிமெண்டும் கம்பியும் விற்கும் ரிஃபாய் இதற்கு ஒத்துக்கொள்ளாதவர். சொன்னதைச் செய்பவர், செய்ததை நாலு பேரிடம் சொல்பவர். மகள் ஷஃபீனாவின் கல்யாணத்தை ஸஃபரில்தான் வைப்பேன் என்று நின்றார். மாப்பிள்ளை வீட்டார் முடியாது என்றார்கள். கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. அவர்கள் குறித்த நாள், முந்தின மாலை பிறை தெரிந்தால் அடுத்த மாதமான ரபீஉல் அவ்வல் ஒன்று. தெரியாவிட்டால் ஸஃபர் முப்பது. பிறை தெரியும் என்று மாப்பிள்ளை வீட்டார் நம்பினார்கள். அன்று மாலை கடற்கரையில் வானத்தைப் பார்த்து நின்றவர்களில், பிறை தெரியக் கூடாது என்று நினைத்துக்கொண்டு நின்றவர் ரிஃபாய் ஒருவர்தான். மேகம் அவர் பக்கம் இருந்தது. மறுநாள் விருந்தில், நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடும் ஒவ்வொரு சஹனுக்கும் போய்க் குனிந்து, "இன்னிக்கி என்ன தேதி, தெரியும்ல?" என்று கேட்டுவிட்டு வந்தார்.

நூர் அகமது அந்த விருந்தில் சாப்பிட்டார். அலுவலகம் போய் 30-02-1445 என்று தட்டினார். மூன்று முறை சரிபார்த்துவிட்டுப் பதிவு செய்தார். பதிவு செய்ததை மறுபடி திறந்து பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை. அப்படிப் பார்ப்பது, பதிந்த ஆளைச் சந்தேகப்படுவதுபோல ஆகும்; பதிந்த ஆள் அவரேதான்.

ஒரு வருஷம் கழித்து ஷஃபீனாவைத் தோஹாவுக்கு அழைத்துக்கொள்ள மாப்பிள்ளைக்கு அனுமதி கிடைத்தது. நூர் அகமது சான்றிதழை அச்செடுத்துப் பெயர்களின் எழுத்தை மூன்று முறை சரிபார்த்துக் கொடுத்தார். அது சென்னைக்குப் போய், சான்றொப்பம் வாங்கித் தரும் ஏஜென்ட்டிடமிருந்து பத்தே நாளில் திரும்பி வந்தது. ஆங்கிலத் தேதியும் ஹிஜ்ரி தேதியும் ஒத்துப்போகவில்லை, அடுத்த சனிக்கிழமைக்குள் சரியான பிரதி வராவிட்டால் இந்த முறை வரிசை போய்விடும் என்று ஒரு சீட்டு இணைத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரிஃபாய் அந்தத் தாளோடு அலுவலகத்துக்குள் வந்தார். வயதில் மூத்தவரை அந்தப் பக்கத்தில் அண்ணன் என்கிற பொருளில் நானா என்பார்கள்.

"நானா, எம் பொண்ணு கல்யாணம் என்னிக்கி நடந்துச்சு?"

"வாங்க தம்பி, உட்காருங்க. வீட்ல எல்லாரும்..."

"எல்லாரும் இருக்காங்க. என்னிக்கி நடந்துச்சு?"

"ஸஃபர் முப்பது. நீங்கதான் சஹனுக்குச் சஹன் வந்து சொன்னீங்களே."

"இதுல என்ன போட்டிருக்கு? வாய்விட்டுப் படிங்க."

நூர் அகமது படித்தார். 02-03-1445, அதாவது ரபீஉல் அவ்வல் இரண்டு. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். அப்போதும் அதுவேதான். பழைய காகிதத் தஃப்தரை எடுத்துத் திறந்தார். அதில் அவர் கையெழுத்திலேயே ஸஃபர் 30, கீழே சாட்சிகளின் கையொப்பம்.

"பேப்பர்ல சரியா இருக்கு, கம்ப்யூட்டர்ல மாறியிருக்கு" என்றார் ரிஃபாய். "ஏன் நானா, கம்ப்யூட்டருக்கு ஸஃபர்ல கல்யாணம் வச்சாப் புடிக்காதோ?"

"அதுக்கு என்ன தெரியும் தம்பி."

"அதுக்குத் தெரியாது. தட்டுற ஆளுக்குத் தெரியும். ஸஃபர்ல ஒரு சட்டை தைக்கக்கூட துணி குடுக்க மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும்."

அது உண்மை. நூர் அகமது கணினியைத் திறந்து, ரிஃபாயின் கண்ணெதிரே அந்தக் கட்டத்தில் 30-02-1445 என்று தட்டி அழுத்தினார். கட்டம் ஒரு கணம் யோசித்துவிட்டு 02-03-1445 என்று காட்டியது. மறுபடி தட்டினார். மறுபடி அப்படியே. கையால் திருத்தலாம் என்றால் அவர் எழுதிய தீர்மானமே குறுக்கே நின்றது.

"பாத்தீங்களா?" என்றார் நூர் அகமது.

"பாத்தேன். நீங்களும் பாத்தீங்கல்ல?" என்றார் ரிஃபாய். ஒரே காட்சியை இருவரும் சாட்சிக்கு அழைத்துக்கொண்டார்கள். "இப்புடி மாத்துன்னு யாரோ அதுக்குச் சொல்லி வச்சிருக்காங்க. இந்த மிஷினத் தொடுறது இந்த ஊர்ல ஒரே ஒரு ஆளு. எங்க வீட்டுக் கல்யாணத்த ஸஃபர்லேந்து தூக்கிப் போடணும்னு உங்களுக்கு இருந்திருக்கு, சரி. நேரா சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கெழம ஜும்ஆ முடிஞ்சதும் எல்லாரும் இருக்கறப்ப கேக்கறேன். அங்க சொல்லுங்க."

ஷஃபீனாவின் பயணம் தள்ளிப்போனால் இன்னொரு வரிசை கிடைக்கும். ஊர் முன்னால் தஃப்தரைத் திருத்தியவன் என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அதற்கு இன்னொரு வரிசை இல்லை. நூர் அகமது அன்று மதியம் சாப்பிடாமல் எழுந்தார். அவர் மனைவி மெஹர் பானு சட்டியை மூடியபடி கேட்டார்:

"தப்பு உங்களுதா, மிஷினுதா?"

"தெரியல."

"தெரிஞ்சவங்க யாருகிட்டயாவது கேக்க வேண்டியதுதான?"

"யாருகிட்ட போயி கேக்கறது?"

"யாருகிட்டயோ கேளுங்க. ஏணி கேக்கறாப்புல கேக்காதீங்க. அதுக்குள்ள வெள்ளிக்கெழம வந்துரும்."

கணினிச் சந்தேகங்களைத் தமிழில் கேட்கவும் தீர்க்கவும் 'விசைக்களம்' என்று ஓர் இணைய மன்றம். சம்பளம் எதுவும் இல்லாமல் நாள் முழுக்க அடுத்தவர் சிக்கலைத் தீர்த்து வைக்கிற நல்ல மனிதர்கள், அந்த நல்ல காரியத்தைக் கடுகடுவென்று செய்துகொண்டிருக்கும் இடம். நுழைவாயிலில் பதினான்கு விதிகள். நூர் அகமது மூன்று முறை படித்தார். நான்காவது விதி: "வணக்கம், நலம் விசாரிப்பு, நன்றி ஆகியவை வேண்டாம். சிக்கலை மட்டும் எழுதவும்." இதை அவர் விருந்துக்கு அழைத்தவர் சொல்லும் வார்த்தையாக எடுத்துக்கொண்டார். எதற்குங்க பழமெல்லாம் வாங்கிக்கிட்டு வந்தீங்க என்று வீட்டுக்காரர் சொல்வார்தான். அதற்காக யாராவது அடுத்த முறை வெறுங்கையோடு போவார்களா?

திங்கட்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு, 'ஒரு சிறு விண்ணப்பம்' என்ற தலைப்பில் அவர் எழுதியது இது:

"அஸ்ஸலாமு அலைக்கும். பிற சமயச் சகோதர சகோதரிகளுக்கு வணக்கம். இக்களத்தை நடத்தும் பெருமக்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமுடன் இருக்க துஆ செய்கிறேன். எங்கள் ஊரில் இவ்வருடம் மழை குறைவு, ஆயினும் கடற்காற்று உள்ளதால் வெக்கை தெரியவில்லை. எளியேன் ஒரு பொது ஸ்தாபனத்தின் பதிவேட்டைக் கவனித்து வருகிறேன். நம்பி ஒப்படைத்த அமானிதம் என்பதால் யாருடைய பதிவு என்று சொல்ல இயலாததைப் பொறுத்துக்கொள்ளவும். எங்கள் பக்கத்தில் ஸஃபர் மாதத்தில் விசேஷம் வைக்கும் வழக்கமில்லை. நல்லவர் ஒருவர் துணிந்து வைத்தார். அவருக்குக் கோபம் கொஞ்சம் கூடுதல் என்றாலும் நியாயம் அவர் பக்கமே. அந்தத் தேதியை 30-02 என்று தட்டினால் 02-03 என்று மாறிக்கொள்கிறது. இது என் கையின் பிசகா, இயந்திரத்தின் பிசகா என்று யாரேனும் சொன்னால் வெள்ளிக்கிழமைக்குள் ஒரு குடும்பத்தின் மனக்கசப்பு தீரும். தங்களுக்கு நேரம் இருந்தால் மட்டும். அவசரமில்லை."

பதினோராவது நிமிடத்தில் மட்டுறுத்துநர் கை வைத்தார். தலைப்பு 'தேதி தானாக மாறுகிறது' என்று ஆனது. பதிவு ஒரே வரியாகச் சுருங்கியது: "30-02 என்று தட்டினால் 02-03 என்று மாறிக்கொள்கிறது." அடியில் ஒரு குறிப்பு: "தேவையற்றவை நீக்கப்பட்டன. விதி 4. இப்படிக்கு, ஐரேன், மட்டுறுத்துநர்."

அதன் பிறகு வந்தவர்கள் இந்த ஒரு வரியைத்தான் பார்த்தார்கள். முதலில் வந்தவர் முத்தையன். கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை, களத்தில் ஆயிரத்து நானூறு விடைகள் சொன்னவர், அவற்றில் பாதியில் கேள்வி கேட்டவரைத் திட்டியவர்.

"பிப்ரவரி 30-ஆ? சார், காலண்டர் எந்தக் கடையில வாங்குனீங்க?"

"பிப்ரவரி 30-ல பொறந்தவரா இருக்கும். வயசே ஏறாது, குடுத்து வச்ச மனுஷன்" என்றார் இன்னொருவர்.

"நேத்துதான் ஒருத்தரு பாஸ்வேர்டு எங்கன்னு எங்ககிட்ட கேட்டாரு. இன்னிக்கி இவரு."

நூர் அகமது பதில் எழுதினார்: "தங்கள் நகைச்சுவையை ரசித்தேன். ஆனால் தேதி சரியானதே. முப்பதாம் தேதி அந்த விருந்தில் நானும் சாப்பிட்டிருக்கிறேன்."

"பிப்ரவரி 30-ல விருந்தாம்டா! என்ன மெனு?"

இவர்கள் எதற்காகத் திரும்பத் திரும்பப் பிப்ரவரி என்கிறார்கள் என்பது அவருக்கு விளங்கவில்லை. நிகாஹ் பதிவில் இரண்டாம் மாதம் என்றால் ஸஃபர். அதைத்தான் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறோமே என்று நினைத்தார். தன் பதிவு வெட்டப்பட்டதை அவர் இன்னும் கவனிக்கவில்லை. பதிவு செய்ததை மறுபடி திறந்து பார்க்கும் வழக்கம் இல்லாதவர் என்று சொன்னேனே. இது ஆங்கிலத் தேதி இல்லை என்று விளக்கி மூன்று பத்தி எழுதினார். முதல் பத்தி, தன்னால் அவர்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருத்தம். எழுத நாற்பது நிமிடம், மூன்று முறை சரிபார்க்க இருபது நிமிடம். அனுப்பும் பொத்தானை அழுத்தியபோது இழை பூட்டப்பட்டிருந்தது. "விளையாட்டுக் கேள்வி. விதி 11. இப்படிக்கு, ஐரேன்."

செவ்வாய்க்கிழமை முழுக்க அவர் பூட்டிய கதவின் முன்னால் நிற்பவர்போல அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை உதவி வேறு பக்கத்திலிருந்து வந்தது. உதவி செய்கிற எண்ணம் அதற்குச் சிறிதும் இல்லை. இழையைப் பூட்டியபோது முத்தையன் பாதி எழுதி வைத்திருந்த ஒரு நல்ல கிண்டல் வீணாகிப் போயிருந்தது. அந்த ஆத்திரத்தில் அவர் குறைகேட்புப் பகுதியில் புதிய இழை ஒன்றைத் தொடங்கினார்: 'பூட்டுவதற்கு ஒரு நியாயம் வேண்டாமா?' அதற்கு அன்று ஒரே நாளில் அறுபத்து மூன்று மறுமொழிகள். வணக்கம் சொல்வது நேர விரயமா, மரியாதையா? மரியாதை என்றால் படிப்பவருக்கா, எழுதுபவருக்கா? 'ங்க' போட்டுத் திட்டினால் அது திட்டா? ஒருவர் விலகுவதாக அறிவித்தார். யாரும் தடுக்காததால் மாலையில் திரும்பி வந்தார். முதல் முப்பத்தொன்பதில் தேதியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

நூர் அகமது எல்லாவற்றையும் வரிசையாகப் படித்தார். சஹனில் தன் பக்கத்துச் சோறு தீர்ந்துவிட்டது என்று ஒருவர் முதலில் எழுந்துவிடக் கூடாது. மற்றவர்கள் முடிக்கும் வரை விரலாலாவது எதையோ கிளறிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இங்கே அவர் பக்கத்தில் சோறே வைக்கப்படவில்லை. ஆனாலும் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, சொன்னாங்களா?" என்று மெஹர் பானு எட்டிப் பார்த்தார்.

"பேசிக்கிட்டிருக்காங்க."

"உங்க விஷயத்தையா?"

"எனக்கு வணக்கம் சொல்ல உரிமை இருக்கான்னு."

"இருக்குதாமா?"

"இன்னும் முடிவாகல."

நாற்பதாவது மறுமொழியில் யாரோ, அந்தப் பெரியவர் உண்மையில் என்னதான் எழுதினார் என்று கேட்டார். முத்தையன் திருத்த வரலாற்றைத் தோண்டி, வெட்டுப்படுவதற்கு முந்தைய முழுப் பதிவையும் எடுத்து ஒட்டினார்.

"இதப் படிங்க எல்லாரும். மனுஷன் நம்ம குடும்பத்துக்கெல்லாம் துஆ செஞ்சிருக்காரு. மழை, காத்து எல்லாம் சொல்லியிருக்காரு. இத வெட்ட மேடத்துக்கு எப்படி மனசு வந்துச்சுன்னு கேக்கறேன். கத்தரிக்கோல் கையில இருந்தா எல்லாத்தையும் வெட்டிர்றதா?"

அடுத்த மறுமொழி ஐரேனுடையது. ஒரே சொல்.

"ஸஃபர்."

நாலு நிமிடம் கழித்து அவரே மறுபடி எழுதினார்: "இது பிப்ரவரி அல்ல. ஹிஜ்ரி இரண்டாம் மாதம். நீங்கள் தேதி வகைக் கட்டத்தில் ஹிஜ்ரி தேதியைத் தட்டுகிறீர்கள். மென்பொருளுக்கு ஆங்கில மாதங்கள்தான் தெரியும். அது இரண்டாம் மாதம் என்றால் பிப்ரவரி என்று எடுத்துக்கொண்டு, பிப்ரவரியில் இல்லாத நாட்களை மார்ச்சுக்குத் தள்ளுகிறது. ஹிஜ்ரியில் எந்த மாதத்துக்கும் முப்பதுக்கு மேல் இல்லை. ஆங்கிலத்தில் முப்பதுக்குக் குறைந்த மாதம் ஒன்றுதான். எனவே வருடத்தில் இந்த ஒரு மாதத்தில் மட்டும்தான் பிழை தெரியும். கட்டத்தை எழுத்து வகைக்கு மாற்றவும். கை பிசகு அல்ல."

"இதத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் முத்தையன்.

யாரும் அதற்கு மறுமொழி தரவில்லை என்பதால் அவரே தொடர்ந்தார். "அப்ப வெட்டுனது தப்புன்னு ஒத்துக்கறீங்களா?"

"இல்லை. மழை தேவையற்றது."

"ஸஃபரு?"

"ஸஃபர் மழைக்குப் பக்கத்தில் இருந்தது."

அதன் பிறகும் பதினைந்து மறுமொழிகள் வந்தன. நூர் அகமதுவின் கண் ஐரேன் விளக்கத்தின் கடைசி மூன்று சொல்லிலேயே நின்றது: கை பிசகு அல்ல. ஏழு வருஷம் அந்தப் பிழை அங்கேயேதான் இருந்திருக்கிறது. ஸஃபரில் யாரும் கல்யாணம் வைக்காததால் வெளியே வர அதற்கு ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. ஒரு வழக்கத்தை உடைக்க ரிஃபாய் புறப்பட்டு, உடைந்தது கட்டம்.

அன்று மாலை ஐரேனிடமிருந்து ஒரு தனிமடல் வந்தது. அவர் பிறந்தது காரைக்காலில், கோயில் மணியும் பாங்கும் ஒருசேரக் கேட்கும் ஒரு தெருவில். இருபத்திரண்டு வயதில் பிரான்சுக்குப் போனவர். முப்பத்தொரு வருஷம் அங்கே ஒரு நகராட்சியின் எத்தா சிவில் ஜன்னலில், அதாவது பிறப்பு இறப்பு திருமணப் பதிவில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "தேதி தவறான காகிதத்தோடு வந்த ஆயிரம் பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எத்தனை பேர் உங்களைப்போலச் சரியாக இருந்தார்கள் என்று தெரியவில்லை. ஸஃபரில் உங்கள் பக்கத்தில் கல்யாணம் கிடையாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வெட்டினேன். வருந்துகிறேன். விதி 4 மாறாது" என்று எழுதியிருந்தார்.

வியாழக்கிழமை நூர் அகமது கட்டத்தை மாற்றினார். 30-02-1445 என்று தட்டினார். பதிவு செய்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, பதிவு செய்ததை மறுபடி திறந்து பார்த்தார். அங்கேயே இருந்தது. சான்றிதழிலும் அதே 30-02-1445, அதாவது ஸஃபர் 30, அச்சாகியிருந்தது. மூன்று முறை படித்துவிட்டு உறையில் போட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தது. வெளியே ஆட்கள் செருப்பைத் தேடுவதுபோல நின்றுகொண்டிருந்தார்கள். ரிஃபாய் ஏதோ கேட்கப்போகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கேட்பதற்கு முன்னால் ரிஃபாய் அலுவலகத்துக்குள் வந்தார். நூர் அகமது உறையை நீட்டினார்.

ரிஃபாய் படித்தார். முகம் தெளியவில்லை. "அப்ப மாத்த முடியுது?"

"கட்டத்துல தப்பு தம்பி. சரி பண்ணிட்டேன்."

"அதான் கேக்கறேன். அன்னிக்கி முடியலன்னு காட்டுனீங்க, இன்னிக்கி முடியுது. கேட்டாத்தான் முடியும் போல."

திருத்தியதே திருத்தக் கூடியவன் என்பதற்கு ஆதாரமாகும் என்று நூர் அகமது நினைத்திருக்கவில்லை. அவரிடம் இன்னோர் ஆதாரம் இருந்தது. அதைக் காட்ட வேண்டி வராது என்று நம்பியிருந்தார். அதில், தகப்பன் வயதில் இருக்கும் ஒருவரைப் பார்த்து ஊர் பேர் தெரியாத பிள்ளைகள் மெனு கேட்டிருந்தார்கள். மேசையிலிருந்த தாள்களை ஒதுக்கினார். பிறகு கணினித் திரையை ரிஃபாய் பக்கம் திருப்பினார்.

"படிங்க தம்பி. மேலேந்து."

ரிஃபாய் படித்தார். காலண்டர் எந்தக் கடையில் என்ற இடத்தில் சிரித்தார். விருந்து என்ற இடத்தில் சிரிப்பு நின்றது. "யாரு இவன், முத்தையன்? எந்த ஊரு?" என்றார்.

"கோயம்புத்தூர்னு போட்டிருக்கு. நல்ல புள்ளைதான். அடுத்ததப் படிங்க."

நூர் அகமது அடுத்த இழையைத் திறந்தார், அதில் முத்தையன் ஒட்டிய முழுப் பதிவு இருந்தது. ரிஃபாய் வாய்க்குள் முணுமுணுத்தபடி வந்து ஓரிடத்தில் நின்றார்.

"நல்லவர் ஒருவர் துணிந்து வைத்தார். இது யாரு?"

"பேரு போடலையே."

"அவருக்குக் கோபம் கொஞ்சம் கூடுதல். இது நாந்தானே?"

"அமானிதம் தம்பி. சொல்லக் கூடாது."

"நாந்தான்" என்றார் ரிஃபாய். மறுபடி படித்தார். "நியாயம் அவர் பக்கமேன்னு இருக்கு. இத எப்ப எழுதுனீங்க?"

"திங்கக்கெழம. அஸருக்குப் பொறவு."

"நான் கத்துனதுக்கு மறுநாளு."

வெளியே யாரோ இருமினார்கள். நூர் அகமது நாற்காலியை ரிஃபாய் பக்கம் நகர்த்தினார்.

"உட்காருங்க தம்பி. வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

ரிஃபாய் உட்கார்ந்தார். இந்த முறை பதில் சொன்னார். அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கவில்லை, மருந்து மாற்றியிருக்கிறார்கள். ஷஃபீனா தோஹாவுக்கு எடுத்துப்போக ஊறுகாய் போட்டிருக்கிறாள், ஏஜென்ட் ஊறுகாய் கூடாது என்கிறான். கடை வாசலில் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டது அப்படியே கிடக்கிறது. மழை இந்த வருஷம் குறைவுதான், ஆனால் காற்று பரவாயில்லை. ஒன்றையும் விடாமல் கால் மணி நேரம் சொன்னார். நூர் அகமது ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். வெளியே நின்றவர்களில் பாதிப் பேர் பசி தாங்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மிச்சம் நின்றவர்கள் முன்னால் ரிஃபாய் சான்றிதழைத் தூக்கிப் பிடித்தார். "எல்லாரும் கேட்டுக்கங்க. எங்க வீட்டுக் கல்யாணம் நடந்தது ஸஃபர் முப்பது. நூர் நானா கையால அச்சாகியிருக்கு. சந்தேகம் இருக்கறவங்க வந்து பாத்துக்கலாம்." சந்தேகம் இருந்த ஒரே ஆள் அவர்தான் என்பதை யாரும் சொல்லவில்லை. மன்னிப்பு என்று எதுவும் கேட்கப்படவில்லை. நூர் அகமதுவுக்கு அது கேட்டதாகவே பட்டது.

அன்று மாலையே ரிஃபாய் விசைக்களத்தில் உறுப்பினராகி முத்தையனுக்கு ஒரு மறுமொழி எழுதினார். அதில் சலாம் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை, நன்றி இல்லை. நான்காம் விதிக்கு அது முழுமையாக உட்பட்டிருந்தது. கெட்ட வார்த்தை கூடாது என்கிற இரண்டாம் விதியின் கீழ் ஒன்பதே நிமிடத்தில் நீக்கப்பட்டது.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி நின்றது. ஐரேன் பழைய இழையைத் திறந்து தன் விடையை அங்கே மாற்றி வைத்திருந்தார். களத்தில் விடை கிடைத்தவர் அந்த விடைக்குப் பக்கத்தில் 'தீர்ந்தது' என்று குறியிட வேண்டும். ஒரு விடைக்குத்தான் குறியிடலாம். விடையைச் சொன்னவர் ஐரேன். வெட்டிய பத்தியை அவர் கண்ணில் படவைத்தவர் முத்தையன். அவரும் இழை திறந்த மறுநாளே, இதத்தான் சொல்ல வந்தேன் என்பதைக் கொஞ்சம் நீட்டி, ஒரு விடையாகவே போட்டு வைத்திருந்தார். இரண்டு பேர் சமைத்த விருந்தில் ஒருவர் பெயரை மட்டும் சொல்லிக் கை கழுவுவது நூர் அகமதுவால் முடிகிற காரியம் அல்ல. இருவருக்கும் தனித்தனியே மூன்று பத்தி எழுதி, மற்றவருக்குக் குறியிட்டால் தங்கள் மனம் நோகுமா என்று விசாரித்தார்.

"சார், யாருக்காவது போட்டு முடிச்சு விடுங்க சார், ப்ளீஸ்" என்று முத்தையன் எழுதினார்.

"விதி 9: ஒரு விடைக்கு மட்டும்" என்று ஐரேன் எழுதினார். நலம் என்று ஒரு சொல் முன்னால் இருந்தது.

ஷஃபீனா தோஹாவுக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. மாதத்துக்கு ஒருமுறை களத்திலிருந்து நூர் அகமதுவுக்குத் தானியங்கி மடல் ஒன்று வருகிறது: "உங்கள் சிக்கல் தீர்ந்ததா?" அது எந்திரம் அனுப்புவது என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் சலாம் சொல்லி, மழை நிலவரத்தோடு, யோசித்துக்கொண்டிருப்பதாக எழுதி அனுப்புகிறார். விசைக்களத்தின் தீராத கேள்விகள் பட்டியலில் 30-02 இன்னும் முதல் இடத்தில் இருக்கிறது.